இரவு இரண்டு மணிக்கும் வரும் பிளம்பர்: அக்கம்பக்கத்து வீடுகளுக்கு உங்களைத் தெரியப்படுத்துவது எப்படி?

பிளம்பிங் வேலை தெரிந்தவர்கள் சென்னையில் நிறைய பேர் இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் போனை எடுப்பவர்கள் குறைவு. அந்த இடைவெளியில்தான் ஒரு நல்ல தொழில் இருக்கிறது. சென்னையில், குறிப்பாகத் தெற்குப் பகுதிகளில், 24 மணி நேர அவசர பிளம்பிங் சேவை தொடங்க நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை செய்வது எப்படி என்று சொல்லப்போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். அந்த வேலை உங்களைத் தேடி வர என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

பெயிண்டருக்கோ தச்சருக்கோ ஆள் தேடும்போது நாலு பேரிடம் விசாரிப்பார்கள், விலை கேட்பார்கள், வீட்டில் கலந்து பேசுவார்கள். பாத்ரூம் பைப் அறுந்து ஹாலுக்குள் தண்ணீர் வரும்போது யாரும் விசாரிப்பதில்லை. கைக்கு முதலில் கிடைக்கும் எண்ணுக்குப் போன் போடுவார்கள். எடுக்கவில்லை என்றால் அடுத்த எண். அதனால் பைப் உடைந்த பிறகு உங்களைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. உடைவதற்கு முன்பே உங்கள் எண் அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும். விளம்பரத்துக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதனால் என் எண் எத்தனை வீட்டுக்குள் போகும், எத்தனை நாள் அங்கேயே இருக்கும்?

முதலில் பகுதியைச் சுருக்குங்கள்

‘சென்னை முழுவதும் சேவை’ என்று போர்டில் எழுதிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நங்கநல்லூரில் இருப்பவர் நள்ளிரவில் கிளம்பிப் பெரம்பூர் போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டு டேங்க் பாதி காலியாகிவிடும். அரை இன்ச் லைன் அறுந்து முழு வேகத்தில் கொட்டினால் ஆயிரம் லிட்டர் மேல்தொட்டி ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். ஆகவே அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரம்தான் உங்கள் பகுதி. பகலில் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரவில் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றுங்கள். எந்தத் தெருவில் நாய்த் தொல்லை, எந்த நகரில் பத்து மணிக்கு மேல் கேட்டைப் பூட்டுகிறார்கள், மழை பெய்தால் எந்தச் சுரங்கப்பாதை மூழ்கும் என்பதெல்லாம் உங்கள் தொழிலுக்குத் தேவையான விவரங்கள்.

எல்லாத் தெருவும் ஒரே மாதிரி சந்தை இல்லை. ஓ.எம்.ஆர். பக்கம் உள்ள பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் சொந்தமாகப் பராமரிப்பு ஆட்கள் இருப்பார்கள், ஷிப்டில் பிளம்பர் இருப்பார். அங்கே நோட்டீஸ் கொடுத்துக் காசை வீணாக்க வேண்டாம். உங்களுக்கான இடம் தனி வீடுகளும், நாலு முதல் பன்னிரண்டு ஃபிளாட் வரை உள்ள சின்ன அபார்ட்மெண்ட்களும்தான். நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், மேற்கு மாம்பலம், குரோம்பேட்டை, வேளச்சேரியின் உள்தெருக்கள் எல்லாம் இப்படிப்பட்டவை. ஒரு செகரெட்டரி இருப்பார், சில இடங்களில் ஒரு வாட்ச்மேன் இருப்பார், அவ்வளவுதான்.

கட்டடத்தின் வயதையும் கவனியுங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய வீடுகளில் பல இடங்களில் இன்னும் ஜி.ஐ. பைப்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப்தான் ஓடுகிறது. உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீர் உள்ளிருந்தே அதைத் தின்றிருக்கும். அந்த வீடுகளில் ஒழுக்கு வருமா என்ற கேள்வியே இல்லை, எப்போது வரும் என்பதுதான். புது வீடுகளில் சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் லைன் சுவருக்குள் போயிருக்கும். அங்கே ஜாயிண்ட் விடும், அல்லது யாராவது படம் மாட்டப்போய் பைப்பில் டிரில் போட்டுவிடுவார்கள். தெருவைப் பார்த்தவுடன் எந்த மாதிரி போன் வரும் என்று உங்களால் ஊகிக்க முடிந்தால், நோட்டீஸில் என்ன எழுதுவது என்பதும் தானாக வந்துவிடும்.

இந்தப் பகுதிகளில் இன்னொரு விஷயமும் உண்டு. வயதான அப்பா அம்மா தனியாக இருப்பார்கள், பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். இங்கே இரவு இரண்டு மணி என்றால் நியூ ஜெர்சியில் மாலை நாலு மணி அளவில்தான் இருக்கும். அம்மா முதலில் போன் போடுவது மகனுக்கு. மகன் அங்கிருந்து உங்களுக்குப் போடுவார். அப்படியென்றால் உங்கள் எண் அம்மாவிடம் மட்டும் இருந்தால் போதாது, மகனிடமும் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் உடைந்த இடம், மாற்றிய பாகம், பில் மூன்றையும் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஊரில் இல்லாத பிள்ளைக்கு அந்த மூன்று போட்டோ எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அவர் அனுப்பும் பதிலிலேயே பார்ப்பீர்கள். அதே தெருவில் அவருடைய நண்பர்களின் பெற்றோரும் இருப்பார்கள்.

‘24 மணி நேரம்’ என்று அச்சடிப்பதற்கு முன்

ஒருவரே இரவும் பகலும் பார்க்க முடியாது. குறைந்தது இரண்டு பேர் முறை வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் பகல் வேலைக்குப் போனால் மற்றவர் தூங்க வேண்டும். தனி ஆளாக இருந்தால் ‘காலை 6 முதல் இரவு 11 வரை’ என்று உள்ளதைச் சொல்லுங்கள், அதற்கும் வாடிக்கையாளர் வருவார்கள். 24 மணி நேரம் என்று போட்டுவிட்டு ஒரு ராத்திரி போனை அணைத்து வைத்தால், அந்த வீடு திரும்ப உங்களைக் கூப்பிடாது. அந்தத் தெருவும் கூப்பிடாது.

தொழிலுக்கென்று தனி எண் வாங்குங்கள். அதை எந்தக் காலத்திலும் மாற்றாதீர்கள், ரீசார்ஜ் தவறவிடாதீர்கள். இன்று ஒட்டும் ஸ்டிக்கரைப் பார்த்து மூன்று வருஷம் கழித்துக்கூடப் போன் வரும். முதல் போன் பிஸியாக இருந்தாலோ எடுக்கப்படாவிட்டாலோ இரண்டாவது ஆளுக்குப் போகும்படி கால் ஃபார்வர்டிங் போட்டு வையுங்கள்.

போனில் முதல் இரண்டு நிமிடம்

இந்தத் தொழிலில் எந்த விளம்பரமும் போனில் நீங்கள் பேசும் விதத்துக்கு ஈடாகாது. ஒரு போன் எப்படிப் போக வேண்டும் என்று பார்ப்போம்.

“சார், பாத்ரூம்ல தண்ணி பீச்சி அடிக்குது, நிக்கவே மாட்டேங்குது.”

“சரிங்க சார், பதறாதீங்க. தண்ணி ஸ்விட்ச் போர்டு பக்கம் போகுதா? போயிருந்தா அதைத் தொடாதீங்க. போகலையா, சரி. மோட்டார் ஓடுதா? முதல்ல அதை அணைங்க. தண்ணி ஸ்விட்ச் போர்டு பக்கம் போகுதா? போகலையா, சரி. எங்கேருந்து அடிக்குது? ஃபிளஷ் டேங்குக்குப் பக்கத்துலயா? கீழே சுவர்ல சின்னதா ஒரு குழாய் மாதிரி இருக்கும், அதுல இருந்துதான் டேங்குக்கு டியூப் போகும். அதை வலது பக்கமா திருகுங்க. நின்னுச்சா?”

பாதி நேரம் அந்தச் சின்னக் குழாயை, அதாவது ஆங்கிள் காக்கை மூடியதுமே நின்றுவிடும். அதில் நிற்கவில்லை என்றால் பாத்ரூம் சுவரில் உயரத்தில் இருக்கும் வால்வ், அதுவும் இல்லையென்றால் மொட்டை மாடியில் டேங்குக்குக் கீழே இருக்கும் வால்வ். சக்கரம் போல இருந்தால் வலது பக்கம் திருக வேண்டும், நீளமான கைப்பிடி என்றால் பைப்புக்குக் குறுக்காகத் திருப்ப வேண்டும். போனில் இருப்பவர் வயதானவர் என்றால், இருட்டில் மழையில் அவரை மாடி ஏறச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரையோ வாட்ச்மேனையோ கூப்பிடச் சொல்லுங்கள். ஸ்விட்ச் போர்டில் தண்ணீர் பட்டிருந்தால் அதைத் தொட வேண்டாம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் நின்ற பிறகு சிலர், “சரிங்க, அப்போ காலையில வாங்க” என்பார்கள். இரவுக் கட்டணம் போய்விட்டதே என்று புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மனசு கேட்காது. நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: அந்த வீடு இனி உங்களுடையது. காசு வாங்காமல் ஒரு ராத்திரிப் பதற்றத்தைத் தீர்த்தவரை யாரும் மறப்பதில்லை. காலையில் போய் வேலையைச் செய்யுங்கள், பகல் கட்டணம் வாங்குங்கள். அடுத்த வாரமே அவருடைய மச்சான் வீட்டிலிருந்து போன் வரும்.

வழி சொல்லித் தண்ணீரை நிறுத்திய பிறகு, மூன்று விஷயங்களைக் கட்டாயம் சொல்லுங்கள்: எத்தனை நிமிடத்தில் வருவீர்கள், யார் வருவார், எவ்வளவு ஆகும்.

இரவுக் கட்டணத்தை மறைக்காதீர்கள்

நடுராத்திரியில் பிளம்பரைக் கூப்பிடத் தயங்குவதற்கு முக்கியமான காரணம் விலைதான். ‘இந்த நேரத்துக்கு வந்துட்டு எவ்வளவு கேட்பாங்களோ’ என்ற பயம். அந்தப் பயத்தை நீங்களே முன்வந்து எடுத்துவிட வேண்டும். நோட்டீஸிலும், வாட்ஸ்அப் கேட்டலாகிலும், கூகுள் பக்கத்திலும் வருகைக் கட்டணத்தை எழுதிப் போடுங்கள். உதாரணத்துக்கு: பகலில் வந்து பார்க்க 250 ரூபாய், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 600 ரூபாய், முதல் அரை மணி நேர வேலை இதிலேயே அடக்கம், பாகங்கள் எம்.ஆர்.பி. விலையில். தொகையை உங்கள் பகுதிக்கும் செலவுக்கும் ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு தொகை இருக்க வேண்டும், அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய வீடு, கார் நிற்கிறது என்று பார்த்து விலை சொல்லும் பழக்கம் வேண்டாம். ஒரே அபார்ட்மெண்டில் இரண்டு ஃபிளாட்காரர்கள் லிஃப்டில் பேசிக்கொள்ளும்போது அது வெளியே வந்துவிடும்.

ராத்திரியில் ஹார்டுவேர் கடை திறந்திருக்காது. டெஃப்லான் டேப், ஆங்கிள் காக், கனெக்‌ஷன் டியூப், ஹெல்த் ஃபாசெட், அரை இன்ச், முக்கால் இன்ச் எல்போவும் கப்ளரும் எண்ட் கேப்பும், சி.பி.வி.சி. சால்வெண்ட், ஒரு பால் வால்வ், மோட்டாருக்குக் கெபாசிட்டர், அடைப்பு எடுக்க ஸ்பிரிங் எல்லாம் வண்டியிலேயே இருக்க வேண்டும். ‘சாமான் இல்லை, காலையில் வருகிறேன்’ என்று சொன்னால் இரவுக் கட்டணம் வாங்க உங்களுக்கு உரிமை இல்லை.

வால்வில் கட்டும் அட்டை

குறைந்த செலவில் அதிக நாள் வேலை செய்யும் விளம்பரம் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

எந்த அபார்ட்மெண்ட் மொட்டை மாடிக்குப் போனாலும் டேங்குக்குக் கீழே ஆறேழு வால்வுகள் வரிசையாக இருக்கும். எது எந்த ஃபிளாட்டுக்கு, எது கிச்சன், எது பாத்ரூம், எது போர் தண்ணீர், எது மெட்ரோ தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. கட்டிக் கொடுத்த பிளம்பருக்குத் தெரிந்திருக்கும், அவர் எங்கே இருக்கிறாரோ. அவசரத்தில் ஒவ்வொன்றாக மூடித் திறந்து பார்ப்பார்கள், பாதி வால்வ் துருவேறி நகராது.

செகரெட்டரியிடம் போய், “வால்வுக்கெல்லாம் பெயர் எழுதிக் கட்டித் தர்றேன், காசு வேண்டாம்” என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வெயிலில் வெளுக்காத மஞ்சள் பிளாஸ்டிக் அட்டையில், ‘2-ஏ பாத்ரூம்’, ‘1-பி கிச்சன்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே உங்கள் பெயரும் எண்ணும் போட்டு, கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். காகித ஸ்டிக்கர் ஒரு கோடையைத் தாங்காது. ஒவ்வொரு வால்வையும் ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள், இறுகியது எது என்று குறித்துக்கொண்டு செகரெட்டரிக்கு எழுதிக் கொடுங்கள். துருவேறியதை வலுக்கட்டாயமாகத் திருகி உடைத்துவிடாதீர்கள். சில இடங்களில் அங்கேயே இரண்டு வால்வ் மாற்றும் வேலை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எந்த வீட்டில் தண்ணீர் பீச்சி அடித்தாலும், அதை மூட மாடிக்கு ஓடி வருபவர் கண்ணில் முதலில் படுவது உங்கள் எண்.

இதையே வீட்டுக்குள்ளும் செய்யலாம். வேலை செய்த வீட்டில் கிச்சன் சிங்க் கதவின் உள்பக்கம், மோட்டார் ஸ்விட்ச் பக்கத்தில், சின்ன ஸ்டிக்கர். கேட்டுவிட்டு ஒட்டுங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த அட்டையும் நன்றாக வேலை செய்யும், கொஞ்சம் செலவு அதிகம். வேலை செய்த வீடுகளுக்கு மட்டும் கொடுங்கள்.

கூகுள் பக்கம்

வீட்டில் எண் இல்லாதவர்கள் கூகுளில் ‘பிளம்பர் நியர் மீ’ என்றுதான் தேடுவார்கள். அதற்குக் கூகுள் பிசினஸ் புரொஃபைல் வேண்டும், இலவசம்தான். கடை இல்லை, வீட்டிலிருந்துதான் தொழில் என்றால் முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் சேர்க்கலாம். இருபது பகுதிகள் வரை சேர்க்க இடம் உண்டு. ஆனால் உங்கள் அரை மணி நேரத் தூரத்தை மட்டும் சேருங்கள். வகை என்ற இடத்தில் பிளம்பர் என்று தேர்வு செய்யுங்கள். நேரம் என்ற இடத்தில் 24 மணி நேரம் என்று போட மறக்காதீர்கள். போடாவிட்டால் இரவில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் மூடியிருக்கிறது என்று காட்டும், தேடிய ஆள் அடுத்தவருக்குப் போய்விடுவார்.

சரிபார்ப்புக்குப் பல நேரங்களில் வீடியோ கேட்பார்கள். தெருப் பெயர்ப் பலகை, பெயர் எழுதிய வண்டி, கருவிகள் எல்லாம் தெரிகிற மாதிரி ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தொழில் பெயரில் ஊர்ப் பெயர்களையும் ‘பெஸ்ட்’, ‘சீப்’ போன்றவற்றையும் திணித்தால் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். உங்கள் போர்டில் இருக்கும் பெயர் போதும்.

ரிவ்யூ கேட்க ஒரு நேரம் உண்டு. இரவு மூன்று மணிக்கு, வீடு துடைத்துக்கொண்டிருப்பவரிடம் கேட்காதீர்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு, “சார், ராத்திரி பார்த்த ஜாயிண்ட்ல கசிவு எதுவும் இல்லையே?” என்று ஒரு செய்தி அனுப்புங்கள். ‘இல்லை, நன்றி’ என்று பதில் வந்ததும் லிங்கை அனுப்புங்கள். எந்தத் தெரு, என்ன பிரச்சினை, எத்தனை மணிக்கு வந்தோம் என்று நாலு வரி எழுதச் சொன்னால் போதும். தள்ளுபடி கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிப்படி தவறு. சொந்தக்காரர்களை விட்டு எழுத வைப்பதும் அப்படித்தான். யாராவது குறை எழுதினால் சண்டை போடாமல், என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்வீர்கள் என்று பதில் எழுதுங்கள். அடுத்து வருபவர்கள் அந்தப் பதிலைத்தான் படிப்பார்கள்.

காசு கொடுத்து கூகுள் விளம்பரம் போடுவதாக இருந்தால், இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை மட்டும், உங்கள் பகுதிக்கு மட்டும், நேராகப் போன் வரும்படி போடுங்கள். பிளம்பர் வேலைவாய்ப்பு, பிளம்பிங் கோர்ஸ், பைப் விலை என்று தேடுபவர்களுக்கு விளம்பரம் போகாதபடி அந்தச் சொற்களை விலக்கி வையுங்கள். பட்டியல் போடும் நிறுவனங்கள் லீட், அதாவது பிளம்பர் தேடுபவர்களின் விவரம், விற்க வருவார்கள். ஒரே லீட் எத்தனை பேருக்குப் போகிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நாலு பேருக்குப் போகும் லீடில் விலையைக் குறைப்பவர்தான் ஜெயிப்பார்.

யார் யாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்

பகல் பிளம்பர்களைப் போட்டியாளராக நினைக்காதீர்கள். அவர்களில் பலர் ராத்திரி வேலைக்கு வர விரும்புவதில்லை, ஆனால் வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற கவலை இருக்கும். நேரில் போய்ப் பேசுங்கள்: “அண்ணே, ராத்திரி உங்களுக்கு வர்ற போனை எனக்குத் தள்ளிவிடுங்க. தண்ணியை நிறுத்தித் தற்காலிகமா சரி பண்ணிடுவேன், மீதி வேலை காலையில உங்களுக்குத்தான்.” சொன்னபடி நடந்துகொண்டால், வருஷக்கணக்கில் சேர்த்த அவருடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் இரவில் உங்களுக்கு வருவார்கள். இதைவிட வேகமாக வளரும் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஹார்டுவேர் கடைக்காரர், எலக்ட்ரீஷியன், மோட்டார் ரீவைண்டிங் கடை, தண்ணீர் லாரி ஓட்டுபவர் எல்லோரிடமும் எண் இருக்கட்டும். வாட்ச்மேனுக்கு வேலைக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசுவது பல இடங்களில் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, கடைசியில் அது பில்லில்தான் ஏறும். அதற்குப் பதில் அவருக்கு வால்வ் மூடக் கற்றுக்கொடுங்கள், தீபாவளிக்கு மறக்காமல் ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுங்கள்.

அசோசியேஷன்கள் பில் கேட்கும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதைச் செய்து, பான் எண்ணுடன் பில் புத்தகம் அடித்து வையுங்கள். வருஷத்தின் மொத்த வரவு (லாபம் மட்டும் அல்ல) 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம்.

நோட்டீஸும் சட்டமும்

ஈ.பி. பெட்டியிலும் அடுத்தவர் காம்பவுண்டுச் சுவரிலும் ஸ்டிக்கர் ஒட்டுவது தமிழ்நாட்டில் 1959-ஆம் வருஷச் சட்டப்படியே குற்றம். மரத்தில் ஆணி அடித்து போர்டு மாட்டுவது அதைவிட மோசம். வாங்கிய எண்களுக்கு மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பவும் முடியாது. தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி, மொத்தச் செய்தி அனுப்புபவர்களுக்கான டி.எல்.டி. பதிவு வேண்டும், சாதாரண மொபைல் எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு போனால் 1909-க்குப் புகார் போய் எண்ணையே துண்டிப்பார்கள். உங்கள் தொழிலின் ஒரே சொத்து அந்த எண்தான்.

பேப்பர் போடும் ஏஜெண்டிடம் பேசிச் செய்தித்தாளுக்குள் நோட்டீஸ் வைப்பது இன்றும் வேலை செய்கிறது, காரணம் வீட்டில் பேப்பர் வாங்குபவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். மயிலாப்பூர் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் போன்ற பகுதி வார இதழ்களில் சின்ன விளம்பரமும் அதே ஆட்களைத்தான் போய்ச் சேரும். நோட்டீஸின் பின்பக்கத்தை வீணாக்காதீர்கள். ‘பைப் உடைந்தால் முதலில் செய்ய வேண்டியது’ என்று மோட்டாரை அணைப்பதிலிருந்து வால்வை மூடுவது வரை பெரிய எழுத்தில் போடுங்கள். பயன்படும் காகிதத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போகும். ஆகவே வேலை முடிந்து கிளம்பும்போதே, “நம்பரை ‘நைட் பிளம்பர்’னு சேவ் பண்ணிக்குங்க” என்று சொல்லி, சேமிக்கும் வரை நில்லுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் சேமித்தால் அவசரத்தில் ஞாபகம் வராது.

இருட்டில் வரும் அந்நியர்

விலைக்கு அடுத்த பயம் இதுதான். பெண்கள் மட்டும் இருக்கும் வீடு, முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடு. வேலையாளின் போட்டோ, பெயர், வண்டி எண் மூன்றையும் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பெயர் போட்ட டி-சர்ட், கழுத்தில் அடையாள அட்டை. உங்களிடம் வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்து, அந்தச் சான்றை வைத்திருங்கள், அதை நோட்டீஸிலும் சொல்லுங்கள். வாசலில் நின்று பெயர் சொன்ன பிறகு, வீட்டுக்காரர் உள்ளே வரச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். செருப்பை வெளியே விட்டு, ஈரத்தைத் துடைக்கச் சொந்தமாகத் துணி கொண்டு போக வேண்டும். குடித்துவிட்டு ஒருவர் ஒரே ஒருமுறை போனாலும் எல்லாம் முடிந்தது. இதில் இரண்டாவது வாய்ப்பு என்பதே கிடையாது.

மழையும் பண்டிகையும்

சென்னையில் இந்தத் தொழிலுக்கு ஒரு காலண்டர் உண்டு. கோடையில் சம்ப் வற்றி மோட்டார் காற்றை இழுக்கும், பைப்பில் காற்று அடைத்து ஏர் லாக் ஆகும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு நிறைய விருந்தாளி, டாய்லெட் அடைக்கும், பிளம்பர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். அந்த நாட்களில் ‘நாங்கள் ஊரில்தான் இருக்கிறோம்’ என்று முந்தின வாரமே ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் என்ன நடந்தது என்று அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெருச் சாக்கடை நிறைந்து தரைத்தள டாய்லெட் வழியாக வீட்டுக்குள் ஏறும், சம்பில் கழிவுநீர் கலக்கும். இதற்கான விளம்பரம் செப்டம்பரிலேயே போக வேண்டும்: கழிவுநீர்ச் சேம்பர் சுத்தம், கழிவுநீர் திரும்பி ஏறாமல் தடுக்க லைனில் நான்-ரிட்டர்ன் வால்வ், சம்ப் மூடியை உயர்த்திக் கட்டுவது எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். சின்ன அபார்ட்மெண்ட்களுக்கு இதை வருஷ ஒப்பந்தமாகக் கொடுங்கள், மாதாமாதம் நிலையாக ஒரு தொகை வரும். வெள்ளம் வந்த நாளில் விலையை ஏற்றாதீர்கள். அந்த வாரம் யார் எப்படி நடந்துகொண்டார் என்பதை ஊர் பல வருஷம் பேசும்.

எல்லா போனுக்கும் நீங்கள் போக வேண்டியதில்லை. தெருவில் உள்ள பாதாளச் சாக்கடை அடைப்பு மெட்ரோ வாட்டரின் வேலை, 1916-க்குச் சொல்லச் சொல்லுங்கள். செப்டிக் டேங்க் நிரம்பியது என்றால் பதிவு பெற்ற கழிவுநீர் லாரிதான் வர வேண்டும், அதற்கான உதவி எண் 14420-ஐக் கொடுங்கள். எவ்வளவு பணம் தருவதாகச் சொன்னாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். 2013-ஆம் வருஷச் சட்டப்படி அதற்கு முதல் முறையிலேயே இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத வேலை அது. விஷவாயுவில் நம் ஊரில் போன உயிர்கள் போதும்.

நோட்டில் எழுதுங்கள்

வரும் ஒவ்வொரு போனிலும், பிரச்சினை தீர்ந்த பிறகு, “நம்பர் எங்கே கிடைச்சுது?” என்று கேட்டு எழுதி வையுங்கள்: தேதி, நேரம், தெரு, என்ன வேலை, எங்கிருந்து எண் கிடைத்தது, எவ்வளவு வந்தது. மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பாருங்கள். 3,000 ரூபாய்க்கு அடித்த நோட்டீஸால் ஆறு வேலை வந்திருந்தால் ஒரு வேலையைப் பிடிக்க 500 ரூபாய் ஆகியிருக்கிறது. 1,200 ரூபாய்க்குக் கட்டிய வால்வ் அட்டைகளால் எட்டு வேலை என்றால் 150 ரூபாய். அடுத்த மூன்று மாதப் பணம் எங்கே போக வேண்டும் என்பதை இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

போக முடியாமல் விட்ட அழைப்புகளையும் அதே நோட்டில் எழுதுங்கள். ஒரே இரவில் இரண்டு வீடு கூப்பிட்டு ஒன்றை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கத் தொடங்கினால், மூன்றாவது ஆளை வேலைக்கு எடுக்கலாம். அடுத்த பகுதியில் அட்டை கட்டத் தொடங்குவது அவர் வந்து, இரவு முறைக்குப் பழகிய பிறகு.